நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் மண் சாலை

தார் முடிந்த இடத்தில் ஒரு பலகை, ஏரிக்கு நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். அதற்குக் கீழே இன்னொன்று, வழியில் பெட்ரோல் கிடையாது, குடிதண்ணீர் கிடையாது. ஆள் கிடையாது என்று எழுதவில்லை, அதை நாமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் போல. டயர் தாரை விட்டு இறங்கியதுமே வண்டியின் சத்தம் மாறிவிட்டது, இதுவரை மெல்ல முனகிக்கொண்டு வந்தது இப்போது இரும்புச் சட்டியில் கடலை வறுக்கிற மாதிரி, அடியில் கல் தெறிக்கிறது, ஸ்டீயரிங் என் கைக்குள் உயிருள்ள எதுவோ போல நடுங்குகிறது, பிடி, இறுக்கிப் பிடி, இல்லை, இறுக்கக் கூடாது, கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடி என்று இவர் சொன்னார், நழுவவும் விடாதே, நசுக்கவும் செய்யாதே. சொன்னது காலையில், அடிலெய்டில் வீட்டு வாசலில். அதற்குப் பிறகு ஐந்து மணி நேரமாக வாயைத் திறக்கவில்லை. இடது பக்கம் உட்கார்ந்து முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருக்கிறார், பேசுவதெல்லாம் இவருடைய வலது கால்தான். வளைவு வந்தால் அந்தக் கால் தரைவிரிப்பை அழுத்துகிறது, எதிரே வண்டி வந்தால் அழுத்துகிறது, அங்கே இல்லாத பிரேக்கை. முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டிய கால். பதினாலு வருஷம் தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும், பதினேழு வருஷம் அடிலெய்டில். நான் ஓட்டுவது ஏழு வாரமாக. ஐம்பத்து மூன்று வயதில், நாலாவது தடவைதான் பாஸ் பண்ணினேன், வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் புது டிரைவர் என்று காட்ட பதினேழு வயசுப் பிள்ளைகள் ஒட்டுகிற சிவப்பு எழுத்து அட்டை. மெல்போர்னிலிருந்து ஷெரின் போனில் கத்தினாள், அம்மா உனக்குப் பைத்தியமா, நீ இன்னும் சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கிலேயே வண்டியை நேராக நிறுத்த மாட்டாய், அப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்தக் காட்டுக்கா? பெற்ற மகளுக்கு இப்படிக் கத்தவும் உரிமை உண்டு, அவள் சொன்னது உண்மையும்தான். இவரும் வரமாட்டேன் என்றுதான் சொன்னார். சரி, ஏரிப் பக்கம் தங்க அறைக்குச் சொல்லிவிட்டேன், லீவும் போட்டுவிட்டேன், நான் மட்டும் போய்விட்டு வருகிறேன் என்றேன். ஒரு நிமிஷம் என் முகம் இருந்த பக்கம் பார்த்தார். "மண் ரோட்டுல ஒத்தையில போயிருவியோ நீ?" என்று கேட்டுவிட்டு செருப்பைத் தேடினார். ஏரியைப் பார்க்க ஆசைப்பட்டு வரவில்லை இவர். என் டிரைவிங் மேல் நம்பிக்கை இல்லாமல் வந்திருக்கிறார். அதுவே போதும் எனக்கு.

"மூணாவது கியர்" என்கிறார் திடீரென்று. நான் துள்ளிவிட்டேன். "என்னங்க?" "ரோடு வரிவரியா கெடக்குல்லா, சத்தம் கேக்கலையா ஒனக்கு? மூணுக்கு மாத்து. குறுக்க எது வந்தாலும் ஒடிக்காத. ஆடோ கங்காருவோ, நேராப் போ. ஒடிச்சா கவுந்துரும்." மாற்றினேன். நடுக்கம் குறைந்தது. கண்ணால் பார்க்காமல் சத்தத்தில் ரோட்டைப் படிக்கிறார், நான் கண்ணால் பார்த்தும் படிக்கவில்லை, பார்த்தும் படிக்காதது எனக்குப் புதிதா என்ன. அந்தத் தம்ளர். எங்கே போனாலும் என் புத்தி அந்தத் தம்ளரிடம் வந்து நின்றுவிடுகிறது. போன வருஷம் ஜூன் மாதம், சாப்பாட்டு மேசையில் காப்பித் தம்ளரை வைத்தார், மேசையின் விளிம்புக்கு நாலு விரல் வெளியே, காற்றில் வைத்தார், விழுந்து உருண்டது. கவனம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கேட்டுவிட்டுத் துடைக்கிற துணியை எடுத்துக் கையில் கொடுத்தேன். அதற்கு முந்தின மாதம் கதவு நிலையில் தோளை இடித்தார், அதற்கும் முன்னால் கோயிலில், ஞாயிறு ஆராதனையில், பக்கத்து வரிசையில் இருந்து கை நீட்டிய ஆளுக்குக் கை கொடுக்காமலே திரும்பிவிட்டார், அந்த மனுஷன் என்னிடம் வருத்தப்பட்டார், நானும் இவரைக் கோபித்தேன். முப்பது வருஷ நர்ஸ். வார்டில் ஒரு கிழவர் தட்டில் ஒரு பக்கத்துச் சோற்றை மட்டும் தின்றுவிட்டு மறு பக்கத்தைத் தொடாமல் வைத்தால், கோளாறு மூளையிலா கண்ணிலா என்று உடனே டாக்டரைக் கூப்பிடுகிறவள் நான். யார் யாருக்கோ ரத்த அழுத்தம் பார்த்தேன், நாளைக்கு நாற்பது பேருக்குப் பார்த்தேன், என் வீட்டில் ஒருத்தர் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஏறி, ஓரங்களை எல்லாம் தின்றுகொண்டே வந்திருக்கிறது, வலியில்லாமல், சத்தமில்லாமல். கிளாக்கோமா. பரீட்சைக்குப் படித்த பாடம். போனது திரும்பாது, இருப்பதை மருந்து விட்டுக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர், நல்ல பெண், இவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். இருப்பது என்றால் நடுவில் ஒரு வட்டம், ஜன்னலில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வளையம் பிடித்துப் பார்க்கிற மாதிரி. அந்த வளையத்துக்குள் எல்லாம் தெளிவு. வெளியே எதுவும் கிடையாது. இருட்டா என்று கேட்டேன். "இருட்டுன்னா தெரிஞ்சிருக்குமே பியூலா, ஒண்ணுமே இல்ல அங்க" என்றார்.

அந்த ஒண்ணுமே இல்லாத இடத்திலிருந்துதான் யாரோ ஒரு அம்மா இவர் ஓட்டிய பஸ்ஸுக்கு முன்னால் ரோட்டில் இறங்கியிருக்கிறாள். நான் பார்க்கவில்லை, ஆனால் பார்த்தது மாதிரி எத்தனை தரம், இப்போதுகூட, இந்தச் செம்மண் ரோட்டின் இடது ஓரத்தில் ஒரு கட்டை கிடந்தால் அவள்தான் நிற்கிறாள். பச்சைக் கோட்டு, கையில் காய்கறிப் பை, நடந்து கடக்கிற வெள்ளை வரிகளில்தான் இறங்கினாள். நின்று கிளம்பிய பஸ்ஸின் முன்கண்ணாடியில் அவள் உள்ளங்கை வந்து படார் என்று அறைந்த பிறகுதான் இவருக்கு அவள் இருப்பது தெரிந்தது. ஒரு முழம்தான் இடைவெளி. அவளுக்கு ஒரு கீறல் இல்லை, திட்டிவிட்டுப் போய்விட்டாள். இவர் எச்சரிக்கை விளக்கைப் போட்டு, டிப்போவுக்குப் பேசி, இனி இந்த வண்டியை நான் எடுக்கமாட்டேன், வேறு ஆளை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தானாகவே நிறுத்தினார். எனக்கு அது பெருமை, இன்றைக்கும் பெருமை. ஆனால் என்னிடம் சொல்லவில்லை. பதினொரு நாள் யூனிபார்ம் போட்டு, சாப்பாடு கட்டிக்கொண்டு கிளம்பி, நகர நூலகத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்திருக்கிறார். ஞானாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று இன்னொரு டிரைவர் என்னைக் கேட்டபோது நான் சிரித்துக்கொண்டே, நன்றாயிருக்கிறாரே என்றேன். அந்த டிரைவர் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றது. பதினொரு நாள். அந்தச் சாப்பாட்டை எங்கே வைத்துச் சாப்பிட்டீர்கள் என்று நான் இன்னும் கேட்கவில்லை. கேட்கப் போவதில்லை.

தூரத்தில் புழுதி. முதலில் ஒரு புகைத் தூண், பிறகு அதற்குக் கீழே வெயிலில் மினுங்குகிற ஏதோ. "லாரி" என்றேன். "எத்தன பெட்டி?" "எனக்கு எப்படித் தெரியும், இருங்க, ரெண்டு, இல்ல, மூணு." மூன்று பெட்டி கோத்த ஆட்டு லாரி, ரயில் மாதிரி நீளம், நடு ரோட்டில் வருகிறது, அது ஏன் ஒதுங்கும், ஒதுங்க வேண்டியது நான்தான். இவர் கால் விரிப்பை அழுத்துகிறது. "ஓரங்கட்டு. மெதுவா. லைட்டப் போடு. கண்ணாடிய ஏத்து. நிப்பாட்டிரு. பதறாத." நிறுத்தினேன், லாரி கடந்தது, வண்டி ஒரு பக்கமாக உலுங்கியது, பிறகு உலகம் இல்லை. முன்கண்ணாடி முழுக்கச் சிவப்பு. பின்னால் சிவப்பு, பக்கத்தில் சிவப்பு, ஸ்டீயரிங்கில் என் கை மட்டும் தெரிகிறது. பின்னால் இன்னொரு வண்டி வந்தால்? நாங்கள் நிற்பது அதற்குத் தெரியுமா? மூச்சை எண்ணு பியூலா, நோயாளிக்குச் சொல்வாயே, நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. அப்போது இவர் சிரிக்கிறார். ஐந்து மாதத்தில் முதல் தடவை, மூக்கால் சின்னதாக. "இப்ப ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்" என்கிறார். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, எது முதலில் வெளியே வந்தது என்று தெரியவில்லை. புழுதி மெல்ல இறங்கியது. முதலில் வானம் வந்தது, அப்புறம் சாம்பல் நிறப் புதர்கள், அப்புறம் ரோடு. "நம்ம தேரி மாதிரியே இருக்குல்லா மண்ணு" என்றார், தன் வளையத்தை மெல்ல நகர்த்தி நகர்த்திப் பார்த்து. ஆமாம் என்றேன். இல்லை. ஊரில், சாத்தான்குளத்துச் செம்மணல் தேரியில் எங்கே நின்றாலும் ஒரு பனையாவது தெரியும், ஒரு ஆளாவது அதன் மேல் இருப்பான். இங்கே சிவப்பு போய்க்கொண்டே இருக்கிறது, யாரையும் எதிர்பாராமல். ஆனால் இவரே ஒன்றைப் பார்த்து, இவரே அதைப் பற்றிப் பேசும்போது நான் எதற்குத் திருத்த வேண்டும்.

ஐந்து மாதம் நாற்காலியில்தானே இருந்தார். ஜன்னலோரம் ஒரு நாற்காலி, வெளியே ஒரு எலுமிச்சை மரம், அதையே பார்த்துக்கொண்டு. முதல் மாதம் கடைக்கு வந்தார். அங்கேதான் அந்தக் குழந்தை வண்டி. தெரியவில்லை இவருக்கு, முட்டி மோதித் தள்ளிவிட்டார், குழந்தை வீறிட்டது, அதன் தாய் குடிகாரனா நீ என்று கத்தினாள், இவர் மன்னிப்பு மன்னிப்பு என்று சொல்லிக்கொண்டே பின்னால் போய் ஒரு அடுக்கில் இடித்து அதில் இருந்த டப்பா எல்லாம் உருண்டது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தார். மறுபடி எடுக்கவில்லை. வெள்ளைக் கோல் வாங்கித் தருகிறேன் என்று ஒருநாள் சொன்னேன், அந்த வாக்கியம் முடிவதற்குள் எழுந்து போய்விட்டார், போகிற வழியில் கதவில் இடித்துக்கொண்டு. நான் என்ன செய்தேன். மருந்து விட்டேன். வேளை தவறாமல், மூன்று வேளை. ஒருநாள் என் குரலை நானே கேட்டேன், "இப்ப கண்ணுக்கு மருந்து விடப்போறோம், மேல பாருங்க, அவ்வளவுதான், வெரி குட்." இவர் கண்ணைத் திறந்து கேட்டார், "நான் ஒன் வார்டுல படுத்துக் கெடக்கேனா?" அதற்குத்தான் பயப்படுகிறேன். கண் போவதற்கு அல்ல. கண் இல்லாதவர்களோடு வாழ எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன். அந்தக் குரல் என் சொந்தக் குரலாகிவிடுவதற்குப் பயப்படுகிறேன். பதினாறு வருஷம் நைட் டூட்டியோ பகல் டூட்டியோ ஆஸ்பத்திரி வாசலில் கார் நிற்கும், நான் ஏறி உட்கார்ந்ததும் சீட்டைப் பின்னால் சாய்த்துவிடுவார், ஒன்றும் கேட்கமாட்டார், அன்றைக்கு யார் செத்தார்கள் என்று என் முகத்திலேயே தெரிந்துகொள்வார். என்னை அப்படிக் கூட்டிப்போன மனுஷனை நான் இப்போது ஒரு சார்ட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன், மருந்து கொடுக்கப்பட்டது, நோயாளி ஒத்துழைத்தார்.

ஓடை வந்துவிட்டது. அறுபதாவது கிலோமீட்டரோ என்னவோ. வறண்டு கிடக்கும் என்று வரைபடத்தில் போட்டிருந்தது, போன வாரம் பெய்த மழைக்கு வரைபடம் என்ன செய்யும். ரோட்டை அறுத்துக்கொண்டு காப்பி நிறத் தண்ணீர், இருபதடி அகலம் இருக்கும், ஆழம் தெரியவில்லை. நிறுத்தினேன். "தண்ணியா?" "ஆமா." "ஓடுதா?" "மெதுவா." "இரி" என்று சொல்லிக் கதவைத் திறந்து இறங்கினார், நான் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் நாலு அடி போய்விட்டார், கரையில் ஒரு மரம் சாய்ந்து நின்றது, அதன் கிளை, நான் "என்னங்க" என்றேன், நெற்றியில் நேராக. சத்தம் எனக்குக் கேட்டது. இவர் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். புருவத்துக்கு மேல் தோல் கிழிந்து ரத்தம் மூக்கு வழியாக இறங்குகிறது. நான் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், பஞ்சை அழுத்தினேன், "ஒண்ணுமில்ல, சின்னக் காயம்தான், இப்ப சுத்தம் பண்ணப்போறோம், கொஞ்சம் பொறுத்துக்கோங்க", வந்துவிட்டது, அந்தக் குரல், என் வாயிலிருந்து தானாகவே. இவர் என் கையைத் தட்டிவிட்டார். "போதும். வண்டியத் திருப்பு. வீட்டுக்குப் போவோம்." "கொஞ்சம் பொறுங்க." "திருப்புன்னு சொல்லுதேன்லா! என்னத்துக்கு என்னய இங்க இழுத்துட்டு வந்த? நான் எதுல போயி முட்டுதேன்னு வேடிக்க பாக்கவா?" ஒரு காகமோ என்னவோ எங்கேயோ கத்தியது. ரத்தம் பஞ்சில் பூத்துக்கொண்டே இருந்தது. நான் அழக்கூடாது என்று நினைத்தேன், தைரியமாக ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்தேன், உங்களுக்காகத்தான் வந்தேன், நீங்கள் இப்படி உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை, இதெல்லாம் உதட்டு வாசலில் வந்து நின்றன, வெளியே வந்தது வேறு. "எனக்குத் திருப்பத் தெரியாது" என்றேன். "என்னது?" "இந்த ரோட்டுல வண்டியத் திருப்ப எனக்குத் தெரியாதுங்க. டெஸ்ட்டுல மூணு தடவையும் அதுலதான் பெயிலானேன். நாலாவது தடவ அந்த ஆளு ரோடு அகலமா இருக்கிற இடமாப் பாத்துத் திருப்பச் சொன்னாரு. எனக்கு முன்னாடி மட்டும்தான் ஓட்டத் தெரியும்." பஞ்சை அழுத்திப் பிடித்தபடி இவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். வளையம் என் கழுத்தில் பட்டது, வாயில் பட்டது, பிறகு கண்ணில் வந்து நின்றது. "மூணு தடவையுமா? ஒரு தடவைன்னுலா சொன்ன?" "பொய் சொன்னேன்." இவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. வலியில் என்று நினைத்துக் குனிந்தேன். சிரிக்கிறார். ரத்தத்தோடு உட்கார்ந்து சிரிக்கிறார். "சவத்த, லைசென்ஸ் குடுத்தாம் பாரு ஒனக்கு, அவன் கண்ணத்தான் மொதல்ல பாக்கணும்."

பிளாஸ்திரி ஒட்டினேன். ஒன்றும் பேசாமல் ஒட்டினேன். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு எழுந்தார், செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார், "காலு நல்லாத்தான இருக்கு எனக்கு" என்று சொல்லி ஓடைக்குள் இறங்கினார். நான் பிடிக்கப் போனேன், பிடிக்காமல் நின்றேன். பாதத்தை வைத்துத் தேய்த்து, அழுத்தி, அடுத்த பாதம், நேராகப் போகாமல் வலமும் இடமுமாக, இருபதடியையும் உழுகிற மாதிரி அளந்தார். தண்ணீர் கெண்டைக்காலுக்கு மேல் ஏறவில்லை. "வலது பக்கம் மணலு, இழுத்துரும். இடது பக்கம் அடியில கல்லு. இடத ஒட்டி வா, ரெண்டாவது கியர், நடுவுல காலத் தூக்கிராத." அக்கரையில் ஏறி நின்று கையை உயர்த்தினார். அப்புறம் கண்டக்டர் மாதிரி குரல் கொடுத்தார், அந்த அத்துவானக் காட்டில், "ரைட்! ரைட்! வா, வா, வா, கொஞ்சம் என் பக்கமா ஒடி, ரைட்!" தண்ணீர் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி விரிந்தது, அடியில் கல் கடகடத்தது, முன்சக்கரம் கரையைக் கவ்வியது, ஏறியது. வண்டியில் வந்து உட்கார்ந்ததும் ஈரக்காலைத் தட்டிவிட்டு "மோசமில்ல" என்றார். முப்பத்தொரு வருஷம் வண்டி ஓட்டிய வாயிலிருந்து மோசமில்ல. அடுத்த ஐம்பது கிலோமீட்டர் எனக்கு ஐந்து நிமிஷமாகப் போனது. ஈமு நான்கு குறுக்கே ஓடின, நான் ஒடிக்கவில்லை. இவர் கால் விரிப்பின் மேல் சும்மா இருந்தது.

கடைசி மேட்டில் ஏறி இறங்கினால் ஏரி. நான் தண்ணீர் என்று நினைத்துவிட்டேன், தண்ணீர் இல்லை, உப்பு. செங்கல் நிற மலைகள் சுற்றிலும் உட்கார்ந்திருக்க, நடுவில் வெள்ளை, அடிவானம் வரைக்கும் வெள்ளை, சாயங்கால வெயில் அதன் மேல் ரோஜா நிறமாகச் சாய்ந்து கிடக்கிறது. இஞ்சினை அணைத்ததும் காது அடைத்த மாதிரி அமைதி. இறங்கி விளிம்புக்குப் போனோம், இவர் கை என் தோளில். காலடியில் உப்பு நொறுநொறுத்தது, அடியில் சிமென்ட் தரை மாதிரி கெட்டி. இவர் தலையை இடது கோடியிலிருந்து வலது கோடிக்கு மெல்ல, மிக மெல்ல நகர்த்தினார், ஒரு நீளமான கடிதத்தைப் படிக்கிற மாதிரி. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் வர்ணிக்கவில்லை. "இது எங்க போய் முடியுது பியூலா?" "முடிவு தெரியலங்க." "குறுக்க ஏதாச்சும் கெடக்கா?" பார்த்தேன். இடதில் பார்த்தேன், வலதில், நேராக. "ஒண்ணுமில்ல." "நல்லாப் பாத்துச் சொல்லு. கல்லு, கட்ட, கம்பி, ஆளு?" "ஒரு கூழாங்கல்லு கூட இல்லங்க. ஒண்ணுமே இல்ல." தோளிலிருந்து கை எடுபட்டது.

நடந்தார். இந்த ஐந்து மாதமாகக் கையை வயிற்றுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு, இல்லாத சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிற நடை இல்லை. கை இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. பத்து அடி, இருபது அடி, நான் பின்னாலேயே போகலாமா என்று நினைத்தேன், போகவில்லை, அதற்குள் நடை வேகமானது, அப்புறம் குதிகால் உயர்ந்தது, அப்புறம், கடவுளே, ஓடுகிறார். ஐம்பத்தெட்டு வயசு மனுஷன், நெற்றியில் பிளாஸ்திரி, முழங்கால் வரை சுருட்டிய பேன்ட், வெறுங்கால், ஓடுகிறார். "பாத்து!" என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. எதைப் பார்க்க? எதற்குப் பார்க்க? ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு மேசை முனையும் ஒவ்வொரு மனுஷனும் பக்கவாட்டிலிருந்து பாய்ந்து வந்த ஐந்து மாதத்துக்குப் பிறகு பாய்வதற்கு ஒன்றுமே இல்லாத ஒரு இடம், அதில் இவர் சட்டை காற்றில் உப்பிக்கொண்டு, சின்னதாகி, இன்னும் சின்னதாகி, ரோஜா நிறத்துக்கு நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. நாளைக்கும் மருந்து விடவேண்டும், அடுத்த மாதம் மறுபடி அழுத்தம் அளக்க வேண்டும், வளையம் இதே அளவில் நிற்கலாம், நிற்காமலும் போகலாம், எனக்குத் தெரியும், எல்லாம் தெரியும். புள்ளி நின்றது. குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறது. அப்புறம் குரல் வந்தது, இத்தனை தூரம் தாண்டி, பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி. "பியூலா! எங்க நிக்க?" "இங்க!" "எங்க?" "இங்கதான், இங்கதான் நிக்கேன்!" முகம் தப்பான பக்கம் திரும்பியது, மலையைப் பார்த்தது, மெல்ல நகர்ந்து வந்தது, என்னைத் தாண்டிப் போனது, திரும்பி வந்தது, நின்றது. கண்டுபிடித்துவிட்டார். மறுபடி ஓட ஆரம்பிக்கிறார், இந்தத் தடவை என்னை நோக்கி, நேராக, வேகத்தைக் குறைக்காமல், சிரித்துக்கொண்டு, மூச்சிரைத்துக்கொண்டு, "ஒதுங்கு, ஒதுங்கு, எனக்கு நிப்பாட்டத் தெரியல" என்று கத்திக்கொண்டு வருகிறார். இந்த ஏரி முழுவதிலும் வந்து மோதுவதற்கு இருப்பது நான் ஒருத்திதான். நான் ஒதுங்கவில்லை.